வயதான அப்பாவோடு ஏரியில் மீன்பிடிக்க பொன்டூன் படகு சரிவருமா? (ரைஸ் லேக், ஒன்ராறியோ)

தூண்டில்காரன், ஸ்காபரோ:

வணக்கம். ஜூலை கடைசிச் சனிக்கிழமை ஒரு பொன்டூன் படகை (குழாய்களின் மேல் தட்டையான தளமும் சுற்றிவர வேலியும் உள்ள மிதவைப் படகு) நாள் வாடகைக்கு எடுக்கலாம் என்று நினைக்கிறேன். அதில் ஒழுங்காக மீன் பிடிக்க முடியுமா, இல்லை, அது உட்கார்ந்து ஏரியைச் சுற்றிப் பார்க்க மட்டும்தானா? அனுபவம் உள்ளவர்களிடம் கேட்க வேண்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 76 வயது. யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரர். பதினைந்து வயதில் கடலுக்குப் போகத் தொடங்கியவர். 1990இல் ஊர் இடம்பெயர்ந்தபோது வள்ளத்தையும் வலையையும் விட்டுவிட்டு வெளிக்கிட்டார். எனக்கு அப்போது எட்டு வயது. 2017இல் இராணுவம் வைத்திருந்த மயிலிட்டித் துறைமுகத்தை மக்களுக்குத் திறந்து விட்டார்கள் என்ற செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்று அவர் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. இப்போது இரண்டு முழங்காலிலும் சத்திரசிகிச்சை செய்திருக்கிறது. நடப்பார், ஆனால் காலை உயர்த்தி எதையும் தாண்ட முடியாது.

போன வருடம் பதினான்கு அடி அலுமினியப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். இறங்குதுறையில் இருந்து அவர் ஒரு காலை உள்ளே வைத்தார். படகு விலகியது. காலை இழுத்துக்கொண்டு அங்கேயே பலகையில் உட்கார்ந்துவிட்டார். “நீங்கள் போங்கோ, நான் இஞ்ச இருக்கிறன்” என்றார். எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கரையிலேயே இருந்துவிட்டு வந்தோம்.

அன்றைக்குப் பக்கத்தில் ஒரு பொன்டூன் கட்டியிருந்தது. அதன் தளம் இறங்குதுறைப் பலகையோடு கிட்டத்தட்டச் சமமாக இருந்ததைப் பார்த்தேன். வேலிக்கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போவதுபோல நடந்து போகலாம். அதில் இருந்தே இந்த யோசனை மனதில் கிடக்கிறது.

நாங்கள் ஐந்து பேர்: அப்பா, நான், மனைவி, பத்து வயது மகன், ஏழு வயது மகள். சிம்கோ ஏரி நல்லதா, ரைஸ் லேக் நல்லதா? பொன்டூனை எப்படி ஓரிடத்தில் நிறுத்துவது? என்னிடம் படகு ஓட்டும் அட்டை இல்லை, அதற்கு என்ன செய்வது? இன்னொன்று, அப்பா ரொட் (தூண்டில் கோல்) பிடிக்கமாட்டார். ஒரு பலகைத் துண்டில் நைலோன் நூல் சுற்றி வைத்திருக்கிறார், கையால்தான் பிடிப்பார். அதற்கு இங்கே அனுமதி உண்டா?

பாஸ் பிரியன், பிக்கரிங்:

தம்பி, நேராகச் சொல்கிறேன். மீன்தான் நோக்கம் என்றால் பொன்டூன் வேண்டாம். சுற்றிவர இடுப்பளவு வேலி, மேலே கூடாரம், எல்லாமாகச் சேர்ந்து பாய் விரித்ததுபோலக் காற்றைப் பிடிக்கும். மின்சார ட்ரோலிங் மோட்டர் இல்லாத வாடகைப் படகில், பாசிக்கரை ஓரமாக மெல்ல நகர்ந்து எறிவது என்ற பேச்சே இல்லை. நானும் இரண்டு தரம் முயன்றேன். படகைத் திருப்புவதிலேயே நாள் போய்விட்டது.

சிம்கோவுக்கு அதில் போகவே போகாதீர்கள். எழுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த திறந்த நீர் அது. காலையில் கண்ணாடிபோலக் கிடக்கும், மத்தியானம் கடல்போல அடிக்கும். பிள்ளைகளோடும் வயதானவரோடும் போகிற இடம் இல்லை.

நெல்லேரி, பியூட்லி:

தூண்டில்காரன் தம்பிக்கு வணக்கம். சிம்கோ பற்றிப் பாஸ் பிரியன் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் பொன்டூனில் மீன் பிடிக்க முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். ரைஸ் லேக்கில் எட்டு வருடமாக இருபது அடிப் பொன்டூன் வைத்திருக்கிறேன், 50 குதிரைவலு மோட்டர். வேறு படகு எனக்கு இல்லை. குளிர்பெட்டி நிறைய மீன் கொண்டுவந்த நாட்களும் உண்டு.

பொன்டூனை, பாஸ் மீன் பிடிக்கப் போகிற படகுபோல ஓட்டப் பார்த்தால் தோல்விதான். அது ஒரு தெப்பம். 1950களின் தொடக்கத்தில் மினசோட்டாவில் அம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி, வரிசையாக ஒட்டிய இரும்புப் பீப்பாய்களின் மேல் பலகைத் தளம் அடித்து மிதக்கவிட்டதுதான் இதன் தொடக்கம். இன்றைக்கு பீப்பாய்க்குப் பதில் அலுமினியக் குழாய், அவ்வளவுதான். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற வள்ளம் இல்லை, தண்ணீருக்கு மேலே கிடக்கிற பொருள். காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போகும். அதனோடு சண்டை பிடிக்காமல் அதையே வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் அப்பாவுக்கு இதை விளக்கத் தேவையிருக்காது.

நான் செய்வது இதுதான். பாசித்திட்டு ஒன்றின் காற்றுவரும் பக்கத்துக்குப் போய் மோட்டரை நிறுத்துவேன். படகு தானாகப் பக்கவாட்டில் திரும்பி மெல்ல அடித்துக்கொண்டு போகும். எல்லோரும் காற்று வரும் பக்கத்து வேலியில் நின்று தூண்டில் போட வேண்டும். அப்போதுதான் நூல் படகுக்குப் பின்னால் இழுபட்டு வரும். மற்றப் பக்கம் போட்டால் படகு நூலின் மேல் ஏறிவிடும், பிள்ளைகளின் நூலெல்லாம் குழாய்க்குக் கீழே சிக்கும். காற்று கொஞ்சம் கூடினால் புனல் வடிவத் துணிப்பை ஒன்று இருக்கிறது, ட்ரிஃப்ட் சாக் என்பார்கள். அதைக் காற்றுப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தண்ணீரில் விட்டால் படகின் வேகம் பாதியாகிவிடும். வாடகைக்காரர் தரமாட்டார், நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். கூடாரத்தை மடித்து வைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியும்.

நங்கூரம் இரண்டு வேண்டும். முதலில் முன்பக்க நங்கூரத்தைக் காற்றுக்கு எதிரே இறக்கி, ஆழத்தைப்போல ஐந்து மடங்காவது கயிறு விடுங்கள். எட்டு அடி ஆழத்தில் நாற்பது அடிக் கயிறு. பலர் பத்து அடி விட்டுவிட்டு, நங்கூரம் பிடிக்கவில்லை என்று சொல்வார்கள். ஒன்று மட்டும் போட்டால் படகு ஊஞ்சல்போல இடமும் வலமும் ஆடும். அது ஆடி அடங்கிய பிறகு பின் மூலையில் இரண்டாவதை இறக்கினால் அசையாமல் நிற்கும். பின்பக்க நங்கூரம் மட்டும் போடவே கூடாது. மோட்டரின் பாரம் ஏற்கெனவே பின்னால் இருக்கிறது, அலை அந்தப் பக்கமாக ஏறிவிடும். ரைஸ் லேக்கின் அடி சேறும் பாசியும். காளான் வடிவ நங்கூரம் வழுக்கிக்கொண்டே போகும். கொழுக்கிபோல் விரல் உள்ளதும், அதோடு நாலைந்து அடிச் சங்கிலியும் கேட்டு வாங்குங்கள்.

இனி நான் பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாவது வருடம் என்று நினைக்கிறேன். ஏழு பேர் ஏறியிருந்தோம். என் மருமகனுக்குப் பெரிய மஸ்கி மீன் ஒன்று கொழுவியது. அதைப் பார்க்க எல்லோரும் ஒரே நேரத்தில் முன்பக்கம் ஓடினார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய படகு கடந்துபோன அலை வந்தது. முன்மூக்கு தாழ்ந்து அலைக்குக் கீழே போனது. கதவுக்குக் கீழால் தண்ணீர் புகுந்து கணுக்கால் அளவுக்குத் தளம் முழுவதும் ஓடியது. தூண்டில் பெட்டி, இரண்டு செருப்பு, ஒரு கைப்பை எல்லாம் அடித்துக்கொண்டு போனது. என் பேத்தி வேலிக் கம்பியைப் பிடித்தபடி வீரிட்டு அழுதது இன்றைக்கும் காதில் கேட்கிறது. குழாய்கள் மிதக்கும், அதனால் படகு தாழவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் படகில் மீன் கொழுவினால், பிடிப்பவரும் வலைக்கரண்டி வைத்திருப்பவரும் மட்டும்தான் எழும்பலாம். ஓடும்போது ஒருவரும் முன்பக்கம் இருக்கக் கூடாது.

காற்றுக்கு என் கணக்கு: மணிக்கு 15 கிலோமீட்டர் வரை நல்ல நாள். 20 என்றால் தீவு மறைவில் நிற்பேன். 25 என்றால் படகை அவிழ்க்கவே மாட்டேன்.

ரைஸ் லேக் உங்களுக்கு ஏற்ற ஏரி. 401 நெடுஞ்சாலையில் போர்ட் ஹோப்பில் இறங்கி 28ஆம் வீதியால் வந்தால் பியூட்லி, ஸ்காபரோவில் இருந்து ஒரு மணித்தியாலம் பிடிக்கும். முப்பது கிலோமீட்டர் அளவு நீளம், ஐந்து கிலோமீட்டர் அகலம். அநேக இடங்களில் ஆழம் பத்து அடிக்கு உள்ளேதான். ஜூலையில் பாசி நன்றாக எழும்பி இருக்கும். அதன் வெளி ஓரத்தில், ஏழெட்டு அடித் தண்ணீரில், சின்னக் கொழுக்கியில் மண்புழுத் துண்டைக் குத்தி ஒரு தக்கைக்குக் கீழே விட்டால் புளூகில், பேர்ச் என்ற சின்ன மீன்கள் எல்லாம் பிள்ளைகளை ஓயவிடாது. பாஸ் மீன் பிடிக்கும் காலம் ஜூன் மூன்றாம் சனிக்கிழமையில் இருந்து திறந்திருக்கும். வால்ஐ மீன் வெளிச்சம் மங்கினால்தான் நன்றாக எடுக்கும், பகல் வாடகைப் படகில் அதை நம்பிப் போகாதீர்கள். கிடைத்தாலும் 35 முதல் 50 சென்ரிமீட்டருக்குள் இருப்பதைத்தான் வைத்துக்கொள்ளலாம், மற்றதை விட்டுவிட வேண்டும். இந்த மீன்பிடி வலயத்தின் எண் 17. வெளிக்கிடும் முன் அந்த வருடத்து விதிகளை ஒருக்கா வாசியுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். தெற்கே ஹார்வூட்டில் இருந்து வடக்கே ஹயவாத்தா வரை ஏரிக்குக் குறுக்காக ஒரு பழைய ரயில்பாதை தண்ணீருக்குள் கிடக்கிறது. 1854இல் கோபர்க்கில் இருந்து பீற்றர்பரோவுக்குப் போட்ட பாதை. ஒவ்வொரு குளிர்காலமும் பனிக்கட்டி பாலத்தை நெருக்கி உடைத்தது. 1860இல் வேல்ஸ் இளவரசர் வந்தபோது அந்தப் பாலத்தை நம்பி அவரை ரயிலில் அனுப்பவில்லை, படகில்தான் ஏரியைக் கடந்தார். பிறகு கைவிட்டார்கள். கல்லும் மரச்சட்டமும் இன்னும் கீழே இருக்கின்றன. மோட்டர் விசிறி அடிபட்டால் முடிந்தது. மிதவைகள் காட்டும் வழியை விட்டு அதைக் கடக்க வேண்டாம். ஆனால் அந்தக் கல்வரிசையின் ஓரம்போல பாஸ் நிற்கிற இடம் இந்த ஏரியில் வேறு இல்லை. தூர நின்று எறியுங்கள்.

கையால் நூல் பிடிப்பது ஒன்ராறியோவில் தூண்டில் போடுதல் என்றுதான் சட்டத்தில் இருக்கிறது, அப்பா தாராளமாகப் பிடிக்கலாம். ஆளுக்கு ஒரு நூல்தான். 65 வயதுக்கு மேல் என்பதால் அவருக்கு மீன்பிடி லைசன்ஸ் தேவையில்லை. பிறந்த திகதி உள்ள அரசாங்க அடையாள அட்டை கையில் இருந்தால் போதும். பிள்ளைகளுக்கும் தேவையில்லை. உங்களுக்கும் மனைவிக்கும் வேண்டும். படகு ஓட்டும் அட்டை இல்லாவிட்டால், வாடகைக்குத் தருபவர் பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை உங்களோடு இருந்து நிரப்பிக் கையெழுத்து வாங்குவார். அன்றைய நாளுக்கு அதுவே அத்தாட்சி. அவர் அவசரமாக நீட்டினாலும் நீங்கள் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

ஏஜாக்ஸ் அக்கா:

தம்பி, நான் மீன் பற்றிச் சொல்ல வரவில்லை. பிள்ளைகளோடு நாலு வருடம் பொன்டூனில் போன அம்மாவாகச் சொல்கிறேன்.

பொன்டூனில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த இடம் முன்கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகை. காலைத் தொங்கப் போட்டு உட்காரச் சொல்லும் இடம் அது. படகு ஓடும்போது அங்கே இருந்து ஒரு பிள்ளை விழுந்தால், இரண்டு குழாய்களுக்கும் நடுவால் நேரே பின்னால் சுழலும் விசிறிக்குத்தான் போகும். ஓட்டுபவர் காண்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மோட்டர் இயங்கினால் எல்லாக் கதவும் பூட்டியிருக்க வேண்டும், எல்லோரும் இருக்கையில் இருக்க வேண்டும். இதைப் படகில் ஏறும் முன்பே, கரையில் வைத்து, பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஏறிய பிறகு அவர்கள் காதில் எதுவும் ஏறாது.

பிள்ளைகளின் மிதப்பு அங்கியை வாடகை இடத்தில் நம்பாதீர்கள். போன தடவை எங்களுக்கு ஓரிடத்தில் தந்தது மகளுக்கு இரண்டு அளவு பெரிது. தோளில் பிடித்துத் தூக்கினால் அங்கி மட்டும் மேலே வந்தது, பிள்ளை வரவில்லை. அவர்களின் நிறைக்கு ஏற்றதை நீங்களே வாங்கி, வீட்டில் போட்டு, தோளில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அப்பாவுக்கும் சேர்த்து. கடலில் வளர்ந்தவர்கள் இதைப் போட மறுப்பார்கள். என் மாமனாரும் அப்படித்தான் இருந்தார். “நீங்கள் போட்டால்தான் பேரன் போடுவான்” என்று சொன்ன பிறகு போட்டார்.

மகளுக்கு மலசலகூடம் ஒரு பிரச்சினை. சின்னப் படகுகளில் இருக்காது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கரைக்கு வர வேண்டிவரும், அதை வைத்து இடத்தைத் தெரிவு செய்யுங்கள். இன்னொன்று, இப்படியான வாடகைப் படகில் யாரும் பியர் குடிக்க முடியாது. படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் நிரந்தரமாக உள்ள படகில், அதுவும் கட்டிவைத்திருக்கும்போதுதான் சட்டம் விடும். கூட யாராவது சித்தப்பாமார் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தூண்டில்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ரைஸ் லேக் என்று முடிவு செய்துவிட்டேன். நெல்லேரி அண்ணா, உங்கள் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “ஏரி எந்தத் திசைக்குக் கிடக்குது?”

நெல்லேரி:

இந்தக் கேள்வியை எட்டு வருடத்தில் என்னிடம் யாருமே கேட்டதில்லை. தென்மேற்கில் இருந்து வடகிழக்குக்கு நீளமாகக் கிடக்கிறது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். பியூட்லி தென்மேற்கு முனை. கோடையில் இங்கே அதிகம் வீசுவதும் தென்மேற்குக் காற்றுத்தான், அவருடைய சோழகம். முழு நீளத்துக்கும் தடையில்லாமல் ஓடி, ஆழம் இல்லாத தண்ணீரில் குட்டையான, நெருக்கமான அலையை எழுப்பும். அதனால் பியூட்லிப் பக்கம் காலையில் அமைதியாக இருந்தாலும் அதை நம்பிக் கிழக்கே நெடுந்தூரம் போகக் கூடாது. திரும்பும்போது முழுவதும் எதிர்க்காற்று.

தூண்டில்காரன்:

போய்வந்தோம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை ஏழு மணிக்கு இறங்குதுறையில் நின்றோம். பதினெட்டு அடிப் படகு. வாடகைக்காரர் கதவைத் திறந்து பிடித்தார். அப்பா ஒரு கையால் என் தோளைப் பிடித்தார், இரண்டு எட்டு வைத்தார், உள்ளே நின்றார். அவ்வளவுதான். காலை உயர்த்தவே தேவையில்லை. தளத்தைக் காலால் தட்டிப் பார்த்தார், பிறகு வேலியைப் பிடித்துக் குனிந்து குழாயைப் பார்த்தார். “மரம் மாதிரித்தான்” என்றார். கட்டுமரத்தைச் சொன்னார். மிதப்பு அங்கியை மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டார், ஏஜாக்ஸ் அக்கா சொன்ன வசனம் வேலை செய்தது.

கிழக்கே அதிகம் போகவில்லை. முதல் பாசித்திட்டில் நான் மோட்டரை நிறுத்தினேன். அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டி, இன்னும் ஐம்பது யார் மேலே போகச் சொன்னார். அங்கே இருந்து படகை விட்டால் அந்தத் திட்டின் ஓரம் முழுவதையும் ஒரே இழுப்பில் கடக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அப்படியே நடந்தது. திட்டின் ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு இருபது நிமிடம், மோட்டர் சத்தம் இல்லை. மகன் ஏழு புளூகில் பிடித்தான். மகள் பிடித்த முதல் மீன் உள்ளங்கை அளவு பேர்ச், அதை விடவே மாட்டேன் என்று அழுதாள். கடைசியில் தாத்தா சொல்லி விட்டாள்.

அப்பா வேலியோரம் இருக்கையில் உட்கார்ந்து, கைநூலை ஆட்காட்டி விரலின் மேல் போட்டபடி இருந்தார். அந்த விரலில் பழைய தழும்பு ஒன்று இருக்கிறது, நூல் அதன்மேல்தான் ஓடியது. சின்ன வயதில் நான் பார்த்த அதே இருப்பு. பத்து மணிபோல அவர் நூலில் கனமாக ஏதோ இழுத்தது. மேலே வந்தது மீசை வைத்த கறுப்பு மீன், இங்கே புல்ஹெட் என்கிறார்கள். நான் துணி எடுத்துக் கொடுக்கப் போனேன். அவர் அதற்குள் விரல்களைச் செட்டை முள்ளுக்குப் பின்னால் கொடுத்து இறுக்கிப் பிடித்துக் கொழுக்கியைக் கழற்றிவிட்டார். “கெளிறு” என்றார். கனடாவுக்கு வந்து இருபத்திரண்டு வருடத்தில் அவர் இங்கே உள்ள ஒன்றுக்கு உடனே பெயர் சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

பிறகு இரண்டு நங்கூரமும் போட்டு ஓரிடத்தில் நின்றோம். முதல் தடவை நான் கயிறு குறைவாக விட்டேன், நங்கூரம் இழுபட்டது. நெல்லேரி அண்ணா சொன்னபடி நாற்பது அடி விட்ட பிறகு அசையவில்லை. அங்கே எனக்கு ஒரு பாஸ், மூன்று இறாத்தல் இருக்கும்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டு இருந்தோம். புட்டும் முட்டைப் பொரியலும். அப்பா பாதியில் கையைக் கழுவிவிட்டு, “நங்கூரத்தைத் தூக்கு” என்றார். எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. வானம் வெளித்திருந்தது, தொலைபேசியில் காற்று 12 கிலோமீட்டர் என்றுதான் காட்டியது. தூரத்தே தண்ணீரைக் காட்டினார். ஒரு இடம் மட்டும் கறுத்து, சுருக்கம் விழுந்ததுபோல இருந்தது. “வருகுது” என்றார். நான் வாதாடாமல் தூக்கினேன். பின் நங்கூரம் பாசியோடு வந்தது, அதைக் கழற்றவே ஐந்து நிமிடம் எடுத்தது. தீவின் மறைவுக்குப் போய்ச் சேரும்போது நாங்கள் நின்ற இடத்தில் வெள்ளை நுரை தெரிந்தது.

மறைவில் ஒரு மணித்தியாலம் இருந்தோம். அடங்குவதாகத் தெரியவில்லை, மெல்ல மெல்லத் திரும்பினோம். எல்லோரையும் நடுவுக்குப் பின்னால் உட்கார வைத்தேன், மோட்டரைக் கொஞ்சம் உயர்த்தி முன்மூக்கை எழுப்பிக்கொண்டேன். அலைக்கு நேரே போகாமல் சாய்வாகப் போகும்படி அப்பா கையால் காட்டிக்கொண்டே இருந்தார். தெறித்த தண்ணீரில் எல்லோரும் நனைந்தோம், ஆனால் தளத்துக்கு மேலே ஒரு அலைகூட ஏறவில்லை. மகளுக்குப் பயமே இல்லை, தாத்தாவின் மடியில் இருந்து ஒவ்வொரு அலையையும் எண்ணிக்கொண்டு வந்தாள்.

பாஸ் பிரியன் அண்ணா சொன்னதும் உண்மைதான். ரயில்பாதைப் பக்கம் போய் எறிய ஆசையாக இருந்தது, ஆனால் பியூட்லியில் இருந்து அது தூரம், அந்தக் காற்றில் இந்தப் படகை வைத்துக்கொண்டு நினைக்கவே முடியவில்லை. அதற்கு உங்கள் படகுதான் வேண்டும்.

வீட்டுக்கு வந்து புளூகிலை மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் போட்டு முறுகப் பொரித்தோம். கெளிறை அப்பாவே தோல் உரித்துக் கொடுத்தார், மனைவி பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தாள். அவர் இரண்டாம் தரம் சோறு கேட்டார்.

இப்போது அடுத்த கேள்வி. பழைய பொன்டூன் ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

நெல்லேரி:

வாசித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன் தம்பி. தொலைபேசி 12 என்று காட்டும்போது அப்பா தண்ணீரைப் பார்த்துச் சொன்னாரே, அதை நானும் பழக வேண்டும்.

வாங்குவதென்றால் முதலில் குழாய். நான் வாங்கியபோது நல்ல நிலை என்று விற்றவர் சொன்னார். முதல் மாதமே படகு இடப்பக்கம் சாய்ந்து மிதந்தது. ஆட்கள் உட்கார்ந்த விதம் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். தரைக்கு எடுத்துப் பார்த்தால் இடது குழாயின் ஒட்டில் மயிர்போல ஒரு வெடிப்பு, உள்ளே வாளி வாளியாகத் தண்ணீர். ஆகவே தரையில் நிற்கும் படகை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். தண்ணீரில் இறக்கி இரண்டு மணித்தியாலம் விட்டு, பின்னால் தூர நின்று பாருங்கள், இரண்டு குழாயும் ஒரே அளவு அமிழ்ந்திருக்க வேண்டும். அடுத்தது தளப்பலகை. கம்பளத்துக்கு மேலால் குதிக்காலால் அழுத்திக்கொண்டே நடவுங்கள், முக்கியமாகக் கதவடியிலும் மோட்டரடியிலும். மெத்தென்று இருந்தால் பலகை உக்கியிருக்கிறது. மோட்டர் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்பதை அதற்குப் பிறகு கேட்கலாம். ஏரியில் இருந்து எடுத்து வீதியால் கொண்டுபோகும் முன் அடைப்பான்களைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ஒட்டியிருக்கும் பாசியையும் எடுத்துவிடுங்கள். 2022இல் இருந்து ஒன்ராறியோவில் அது சட்டம்.

வாங்கும் முன் ஒருநாள் என் படகில் வாருங்கள். செப்டம்பர் நடுப்பகுதியில் கிராப்பி மீன்கள் கூட்டம் கூட்டமாக ஆழத்துக்கு இறங்கத் தொடங்கும், மற்றப் படகுகளும் குறைந்துவிடும். என் கதவடியில் அப்பாவுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி பூட்டி வைக்கிறேன். காலை ஆறரைக்கு இறங்குதுறையில் நிற்பேன். கூதலாக இருக்கும், பிள்ளைகளுக்குக் கம்பளிச்சட்டை கொண்டுவாருங்கள், அவருடைய நூல்பலகையை மறந்துவிடாதீர்கள்.